மரநாயும் மயக்க மருந்தும்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி, சேத்தூர் வட்டாரங்களில் வாழும் குடும்பங்களுக்கு மரநாயை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் தையல் எந்திரங்களின் ஓசை நிறைந்திருக்கும் தெருவில், விளக்கணைத்துப் படுத்த பின்னர் ஓட்டின்மேல் தடதடவென்று ஓடுவது அதுவே. தென்னையின் குரும்பையைக் கடித்து உதிர்ப்பதும், மாம்பழத்தில் நல்லதாகப் பார்த்துத் தின்று கொட்டையைக் கிணற்று மேட்டில் விட்டுச் செல்வதும், கோழிக்கூட்டின் கதவு திறந்திருந்தால் உள்ளே நுழைவதும் அதன் வேலை. பனையேறிகள் இருந்த காலத்தில் கலயத்தில் வாய் வைக்கும் கள்வன் என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஆங்கிலேயரும் அதே காரணத்தால் அதனைக் கள்ளுப்பூனை என்றே அழைத்தனர். பெயரில் நாயும் பூனையும் இருப்பினும், அஃது இரண்டுமன்று. புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

தென்னந்தோப்பு வைத்திருக்கும் பங்கு மக்களுள் ஒருவர் அண்மையில் ஒரு யோசனையுடன் வந்தார். "சாமி, கோழிக்குடலில் தூக்க மாத்திரையைப் பொடித்து வைத்துவிட்டால் தின்று மயங்கிக் கிடக்கும். சாக்கில் கட்டி மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். கொல்லவில்லையே, பாவமில்லையே" என்றார். நல்ல மனத்துடன் சொன்னார் என்பதில் ஐயமில்லை. நஞ்சு வைப்பவரும், பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை எதற்கும் வைப்பவரும் உள்ள நாட்டில், இவர் அந்த உயிரை வாழவிட விரும்பினார். ஆயினும் அவருடைய யோசனை, நஞ்சு வைப்பதற்கு மிகவும் தொலைவில் இல்லை. ஏன் என்பதை ஓரிரு சொற்களில் கூற இயலாது. ஒரு சிறிய காட்டு விலங்கை மயக்கி, மீண்டும் எழுப்பி, பழுதின்றி அதன் வழியில் அனுப்புவது எத்துணை நுணுக்கமான வேலை என்பதை அறிந்தால்தான் விளங்கும்.

நம் வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் என்ன நடக்கிறது? முதல் நாள் இரவிலிருந்தே உணவும் நீரும் நிறுத்தப்படுகின்றன. எடை பார்க்கப்படுகிறது. இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிற்றா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. பிறகே மயக்க மருந்து மருத்துவர் ஊசியைக் கையில் எடுக்கிறார். காட்டு விலங்கிடம் இவற்றில் ஒன்றையும் கேட்டறிய முடியாது. அதன் வயிறு நிறைந்திருக்கிறதா, அது சினையாக உள்ளதா, நோயுற்றிருக்கிறதா என்பது தெரியாது. எல்லாவற்றிற்கும் மேலாக அது அச்சத்தின் உச்சியில் இருக்கிறது. அஞ்சிய உடலில் மருந்து மெதுவாகவே பிடிக்கும். பிடிக்கவில்லையே என்று மேலும் கொடுத்தால், அச்சம் தணிந்தவுடன் இரண்டு அளவும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எருமையின் எடையை மதிப்பிடுகையில் ஒரு கிலோ தவறினால் ஒன்றும் கெடாது. மரநாயோ இரண்டு முதல் நான்கு கிலோ வரையே இருக்கும். அதில் ஒரு கிலோ தவறுவது, மருந்தில் மூன்றில் ஒரு பங்கு தவறுவதாகும். மூன்று கிலோ எடையுள்ள விலங்கிற்குப் போடும் மயக்க ஊசி மருந்து மொத்தமே ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவு. குடலில் பொடித்து வைத்த மாத்திரையில் எவ்வளவு உள்ளே போயிற்று என்று யார் அளப்பது? பாதி தின்ற மரநாய் விழுந்து உறங்காது. தள்ளாடிக்கொண்டே போய்க் கிணற்றில் விழும், சாலையில் வண்டிச் சக்கரத்தில் அகப்படும், தெரு நாய்களிடம் சிக்கும். முழுவதும் தின்றது உறங்கினாலும், உறக்கத்தில் வாந்தி எடுத்து அதுவே மூச்சுக்குழலை அடைத்து இறக்கும். மீதி குடலைப் பக்கத்து வீட்டு நாய் தின்னும், காகம் தின்னும்.

சரி, முறையாகச் செய்தவர்கள் எவ்வாறு செய்தார்கள்? இதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தளவாய்புரத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தெற்கே, களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காடுகளில், 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் திவ்யா முத்தப்பா என்னும் பெண் ஆய்வாளர் பழுப்பு மரநாயைப் பற்றி ஆராய்ந்தார். நம் தோப்புகளில் திரியும் மரநாயின் உறவினம் அது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர் 1885இல் அதற்குப் பெயரிட்டபோது, சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பாரின் நினைவாகச் சூட்டினார். அதன் பின்னர் நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அது எங்கே உறங்குகிறது, எதைத் தின்கிறது, எவ்வளவு தூரம் அலைகிறது என்பவற்றை ஒருவரும் செம்மையாக அறியவில்லை.

அறிய முடியாததில் வியப்பில்லை. அது இரவில் மட்டுமே நடமாடும். மரங்களின் உச்சிக் கிளைகளிலேயே திரியும். பனியும் மழையும் மூடிய காட்டில், இருட்டில், தலைக்குமேல் உயரத்தில் போகும் கருநிற உருவத்தை எப்படித் தொடர்வது? பழங்காலத்தார் இதற்கு ஒரு வழியே அறிந்திருந்தனர்; அது துப்பாக்கி. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் காத்துவரும் அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள், பாடம் செய்து வைக்கப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் கண்டிருப்பார்கள். அக்காலத்து இயற்கை நூல் அவ்வாறுதான் வளர்ந்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் செத்த விலங்கு தன் தோலையும் எலும்பையும் காட்டுமேயன்றித் தன் வாழ்க்கையைக் காட்டாது. வாழ்க்கையை அறிய, கழுத்தில் சிறிய வானொலிப் பட்டை ஒன்றைக் கட்டி உயிருடன் விட வேண்டும். அப்பட்டை விடும் ஒலிக்குறியை ஏரியலால் பிடித்து, இரவு முழுவதும் பின்தொடர வேண்டும். பட்டை கட்ட வேண்டுமானால் விலங்கைத் தொட வேண்டும். தொட வேண்டுமானால் அது மயங்கியிருக்க வேண்டும். திவ்யா முத்தப்பாவும், ஆய்வில் துணைநின்ற ரவி செல்லமும், பழுப்பு மரநாயைப் பிடித்து மயக்கிய முறையைப் பற்றி 2001இல் காட்டு விலங்கு நோய்களுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டனர்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் தொலைவிலிருந்து துப்பாக்கியால் மயக்க ஊசி எய்வது சிறிய விலங்குகளுக்கு ஆகாது. அந்தத் துப்பாக்கியை 1950ஆம் ஆண்டுகளில் உருவாக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த மருந்தாளர் காலின் மர்டாக். இன்று நாம் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ஊசிக்குழலும் அவருடைய கண்டுபிடிப்பே. யானைக்கும் காட்டெருமைக்கும் புலிக்கும் அந்தத் துப்பாக்கி பெரும் கொடை. தமிழ்நாட்டு வனத்துறையின் யானை மருத்துவராகப் புகழ்பெற்று 2002இல் மறைந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, காட்டு யானைகளை மயக்கிப் பிடிக்கும் கலையில் நம் நாட்டில் முன்னோடியாக விளங்கியவர். ஆனால் யானையின் தோலில் தைக்கும் ஊசி, மூன்று கிலோ மரநாயின் மேல் பட்டால் தொடையெலும்பை முறித்துவிடும்; வயிற்றில் பட்டால் குடலைக் கிழித்துவிடும். யானையை மயக்குவதில் ஆபத்து மனிதனுக்கு. மரநாயை மயக்குவதில் ஆபத்து மரநாய்க்கு. ஆகவே சிறியவற்றுக்கு முதலில் கூண்டுதான்.

கூண்டுக்குள் வாழைப்பழமோ, கருவாடோ, கோழித்துண்டோ வைக்கப்படும். கம்பி வலையில் கூரிய முனைகள் இருத்தலாகாது. விலங்கு கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். மழையும் வெயிலும் நேரே படாத இடத்தில் வைத்து, மேலே இலைதழைகளால் மூட வேண்டும். விடியற்காலையில் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். இதில் சோம்பல் கொண்டால் எல்லாம் கெட்டது. பிடிபட்ட விலங்கு விடுபட முயன்று மணிக்கணக்கில் மல்லாடினால், அதன் தசைகளே சிதைந்து, அந்த நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. அன்று ஓடிப்போன விலங்கு சில நாட்கள் கழித்துக் காட்டில் எங்கோ இறந்து கிடக்கும். விட்டவரோ, நன்றாகத்தானே ஓடியது என்று மகிழ்ந்திருப்பார். சாக்கில் கட்டி மலையடிவாரத்தில் விட்டு வருபவர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

கூண்டைக் கண்டதும் செய்யும் முதல் வேலை, அதன்மேல் சணல் சாக்கைப் போர்த்துவது. இருட்டானதும் விலங்கு அடங்கும். பேச்சும் சிரிப்பும் கூடாது. புகைப்படத்திற்கு முண்டியடிக்கும் கூட்டமும் கூடாது. பிறகு கூண்டோடு எடை பார்த்து, வெறுங்கூண்டின் எடையைக் கழித்தால் விலங்கின் எடை கிடைக்கும். அதற்கேற்ப மருந்தை ஊசிக்குழலில் ஏற்றி, விலங்கைக் கூண்டின் ஓரத்திற்கு மெல்ல ஒதுக்கி, வலையின் வழியாகவே தொடைத் தசையில் குத்திவிடுவர். எட்டாதபோது நீண்ட கோலின் நுனியில் பொருத்திய ஊசி உண்டு; மிக இலேசான ஊசியை வாயால் ஊதி எய்யும் குழலும் உண்டு. ஜெர்மனியில் மூனிச் நகரத்து ஹெல்லப்ரூன் விலங்குக் காட்சி சாலையில் இருந்த ஹென்னிங் வீஸ்னர் என்னும் மருத்துவர் இந்த ஊதுகுழலில் வல்லவர். அவர் சேர்த்த மருந்துக் கலவைக்கு அச்சாலையின் பெயரே நிலைத்துவிட்டது.

அக்கலவையில் இருப்பவை இரண்டு மருந்துகள்: கீட்டமின், சைலசின். நம் நாட்டிலும் வன விலங்கு மருத்துவர்கள் மிகுதியாகக் கையாளும் இணை இதுவே. கீட்டமின் 1962இல் அமெரிக்காவில் முதன்முதல் ஆக்கப்பட்டது; 1970இல் அந்நாட்டு அரசு மனிதர்க்குப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. மூச்சை எளிதில் அடக்காது என்பதும், விழுங்கும் உணர்வை முழுதாக அழிக்காது என்பதும் அதன் பெருஞ்சிறப்பு. அளவு சிறிது மிகினும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதைத் தனியே கொடுத்தால் தசைகள் விறைத்து, சில வேளைகளில் வலிப்பும் வரும். சைலசின் தசைகளைத் தளர்த்தி வலியையும் தணிப்பதால் இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. இதுவும் 1962இல்தான், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில், இரத்த அழுத்தத்திற்கு மருந்து தேடியபோது கிடைத்தது. மனிதர்க்கு ஒத்துவராமல் கால்நடைகளின் மருந்தாயிற்று.

மயக்க மருந்து என்பதே கடவுளுக்கு ஒவ்வாதது என்று சிலர் கருதிய காலமும் ஒன்று இருந்தது. 1847இல் எடின்பரோவில் பிள்ளைப்பேற்றின் வலிக்குக் குளோரோஃபாரம் கொடுத்த டாக்டர் ஜேம்ஸ் சிம்சன், சமயத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்புக்குத் தொடக்க நூலிலிருந்தே விடை தந்தார்: ஆதாமின் விலாவை எடுக்குமுன் ஆண்டவர் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தவில்லையா என்று கேட்டார். குருமடத்தில் இதைக் கேட்டுச் சிரித்தோம். இருக்கட்டும்; நாம் மரநாயிடம் திரும்புவோம்.

ஊசி போட்ட பின்னர் ஐந்து அல்லது பத்து நிமிடங்கள் ஒருவரும் அசையக் கூடாது. தலை தளர்ந்து, கால் மடிந்து, நாக்கு வெளியே தொங்கும். கோலால் மெல்லத் தொட்டுப் பார்த்து, காது மடல் அசையவில்லை என்று கண்ட பிறகே கூண்டைத் திறப்பார்கள். முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் அளவெடுத்து, பல்லைப் பார்த்து வயதை மதிப்பிட்டு, இரத்தம் எடுத்து, பட்டையைக் கட்ட வேண்டும். பட்டையின் எடை விலங்கின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மிகலாகாது என்பது விதி. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே விரல் நுழைய வேண்டும். கால் நுழைந்துவிடக் கூடாது.

இந்த முக்கால் மணி நேரத்தில் மருத்துவருக்குப் பட்டை பெரிதன்று, உயிர்தான் பெரிது. கீட்டமின் கொடுத்த விலங்கு கண்ணை மூடாது, இமைக்கவும் இமைக்காது. விழித்தபடியே கிடக்கும். பார்ப்பவர்க்கு அது நம்மையே நோக்குவதுபோல் தோன்றும். அப்படியே விட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். குருடான வேட்டை விலங்கு எத்தனை நாள் வாழும்? ஆகவே முதலில் கண்ணுக்கு மருந்துக் களிம்பு இட்டுத் துணியால் மூடுவார்கள். வாயில் எச்சில் மிகுதியாக ஊறும். அது தொண்டையில் தேங்காதபடி தலையைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்தை நீட்டி வைக்க வேண்டும். சைலசின் நாய், பூனை இனங்களுக்கு வாந்தியும் வரவழைக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா? விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? நெஞ்சு நிமிடத்திற்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது? ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நேரத்துடன் தாளில் எழுதிக்கொண்டே இருப்பார். கொரோனா நாட்களில் நம் வீடுகளில் விரலில் மாட்டிக்கொண்டோமே, அதே வகைக் கருவியை விலங்கின் நாக்கில் பொருத்தி இரத்தத்தின் பிராணவாயுவை அளப்பதும் உண்டு.

எல்லாவற்றினும் வஞ்சகமானது உடல் வெப்பம். பெரிய பானையின் சோறு நெடுநேரம் சூடாக இருக்கும். கிண்ணத்துச் சோறு விரைவில் ஆறிவிடும். சிறிய உடலும் அப்படியே. மயக்கத்தில் உடல் தன் வெப்பத்தைத் தானே காக்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், ஈரமான மலைக்காட்டின் தரையில் கிடக்கும் மரநாய் சில நிமிடங்களிலேயே குளிரத் தொடங்கும். அதற்காகக் கீழே கம்பளியும், பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலும் வைப்பார்கள். நம் சமவெளியில் நிலைமை நேர் எதிர். சித்திரை வெயிலில் கூண்டில் துடித்த கீரிக்கோ நரிக்கோ வெப்பம் நாற்பத்தொரு டிகிரி செல்சியசைத் தாண்டினால் மூளை கெடும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றையும் பாதங்களையும் தண்ணீரால் நனைக்க வேண்டும். ஒரே மருந்து, ஒரே அளவு; மலைமேல் கம்பளி, மலையின் கீழ் தண்ணீர். கையில் வெப்பமானி இல்லாதவன் இவ்வேலைக்குத் தகுதியற்றவன்.

எழுப்புவதிலும் அவசரம் ஆகாது. சைலசினுக்கு மாற்று மருந்து உண்டு. ஆப்பிரிக்க மரமொன்றின் பட்டையிலிருந்து கிடைக்கும் யோஹிம்பின் அவற்றுள் ஒன்று. கீட்டமினுக்கோ மாற்று மருந்து கிடையாது. உடல் தானே அதை வெளியேற்ற வேண்டும். கீட்டமின் வலுவாக இருக்கும்போதே சைலசினை முறித்துவிட்டால், தளர்த்தும் துணை போய், விலங்கு விறைத்து வலிப்புற்று எழும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துப் பொறுத்திருந்து போட வேண்டும். மாற்று மருந்து கொடுத்தாயினும் கொடாமலாயினும், விலங்கை மீண்டும் கூண்டுக்குள் வைத்து மூடி, அது நிமிர்ந்து அமர்ந்து, நின்று, தடுமாறாமல் நடக்கும் வரை காக்க வேண்டும். பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பகலில் எழுந்ததானாலும் இரவு உயிரினத்தை மாலை மங்கிய பிறகே திறந்துவிடுவது நலம்.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. களக்காட்டு மலையின் பழுப்பு மரநாய் ஊனுண்ணிகளின் வரிசையில் வைக்கப்பட்டதாயினும், அதன் உணவில் மிகப் பெரும்பகுதி பழங்களே என்று தெரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மரம், கொடி வகைகளின் பழங்களைத் தின்று, விதைகளைச் சிதைக்காமல் எச்சத்தோடு வேறிடத்தில் இட்டுச் செல்கிறது. பகலில் பெருமரப் பொந்துகளிலும், கொடிகள் அடர்ந்த கிளைகளிலும், மலையணிலின் பழைய கூடுகளிலும் உறங்குகிறது. அதாவது முதிர்ந்த மரங்களை வெட்டிவிட்டால் அதற்கு வீடில்லை. அது இல்லையேல் அம்மரங்களின் விதைகளைச் சுமப்பவர் குறைவர். நமக்கு மேற்கே தெரியும் மலையிலும் அதே இனம் வாழ்கிறது. அம்மலை 1988இல் நரை அணில் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டதை அறிவீர்கள். அங்கிருந்து இறங்கும் ஓடைகளின் நீரைத்தான் நம் கண்மாய்கள் குடிக்கின்றன.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேட்டை என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுக்கு முயலுதல் எல்லாம் வேட்டையே. மரநாய், புனுகுப்பூனை, கீரி, நரி, காட்டுப்பூனை யாவும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஆய்வாளர்களும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து ஒப்புதல் இன்றிக் கூண்டு வைக்க முடியாது. கீட்டமினோ போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது.

பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மயங்கியோ சோர்ந்தோ கிடக்கும் காட்டு விலங்கைப் பிள்ளைகள் தொடலாகாது. பகலில் அச்சமின்றி ஊருக்குள் தள்ளாடி வரும் நரிக்கும் கீரிக்கும் வெறிநோய் இருக்கக்கூடும். கடித்தாலோ கீறினாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டிராமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். நோய் வெளிப்பட்ட பின்னர் மருத்துவத்தால் ஆவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கிணற்றில் மரநாய் விழுந்து கிடந்தால், அதற்கு மயக்க மருந்து தேவையே இல்லை. சொரசொரப்பான ஒரு நீண்ட மரக்கொம்பையோ, முடிச்சிட்ட பழைய கயிற்று வலையையோ சாய்வாக இறக்கிவிட்டு, நாயைக் கட்டி, ஆட்கள் விலகிப் போனால், இரவில் தானே ஏறிப் போய்விடும். காயம் பட்டிருந்தாலோ, ஏற இயலாமல் கிடந்தாலோ வனச்சரக அலுவலகத்திற்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்ல வேண்டும். வலையிலோ கம்பியிலோ சிக்கித் துடிக்கும் விலங்கை அறுத்துவிட முயலாமல், ஒரு சாக்கை அதன்மேல் எறிந்து மூடிவிட்டு, கால்நடை மருத்துவரோடு வனத்துறையினர் வரும் வரை கூட்டத்தை அகற்றி நிற்பதே பேருதவி. கோழிகளை மாலையிலேயே அடைத்து, கூட்டின் வலைக்கண் விரல் அளவுக்கு மேற்படாதபடி பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. தென்னை மரத்தில் தகரப் பட்டை சுற்றும் பழைய வழக்கம், எலிக்கு ஆவதுபோல் இதற்கும் ஆகும். பக்கத்து மரத்தின் மட்டை உரசாமல் இருந்தால் மட்டும்.

பரணிலும் மச்சிலும் குடியேறியதுதான் பலருக்குப் பெருந்தொல்லை. மூத்திர நாற்றமும் இரவுச் சத்தமும் பொறுக்க இயலாதவையே. அங்கும் கையாள வேண்டியது மருந்தன்று, காலம். பெண் மரநாய் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈன்று சில மாதங்கள் வளர்த்துப் பிறகு இடம் பெயரும். குட்டிகளின் கீச்சொலி கேட்கும் வரை ஓட்டைகளை அடைக்காதீர்கள். தாயை வெளியே விட்டு அடைத்தால் அவை உள்ளேயே மடிந்து நாறும். ஒலி நின்ற பின்னர், நுழையும் வழியில் கொஞ்சம் மாவைத் தூவி வையுங்கள். விடியற்காலையில் அடிச்சுவடு பாருங்கள். வெளியே போன தடம் மட்டும் இருந்து, இரண்டு மூன்று நாட்கள் உள்ளே திரும்பிய தடம் காணவில்லையென்றால், கொத்தனாரை அழைத்து அந்தச் சந்தைச் சிமெண்டு வைத்துப் பூசிவிடலாம்.